நாலு மணிக்குள் அடங்க வேண்டிய சத்தம்

சர்வரில் ஐந்து ஃபேனை மாற்றியாயிற்று, ஆறாவதும் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது, சத்தம் மட்டும் குறைந்தபாடில்லை. முன்பாவது ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. இப்போது நாலு விநாடி அடங்குகிறது, அப்பாடா என்று நான் முதுகை நிமிர்த்துவதற்குள் ஆறும் சேர்ந்து அலறுகின்றன, பிறகு மெல்ல இறங்கி, அடங்கி, மறுபடியும் அலறல். மணி ஒன்று பத்து. நாலு மணிக்குப் பவதாரணி புனேயிலிருந்து கூப்பிடுவாள். என் ஒரே பெண். வேலை கிடைத்து அங்கே போன மூன்று வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணியை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை, ரயில்காரர்கள் அவளிடம் வந்து பாடம் படிக்கலாம். நாலு மணிக்குள் இந்தச் சனியனை அடக்கியாக வேண்டும். போன வாரம் அவள் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. நான் வழக்கம்போல ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை வழியவிடுவதைப் பற்றியோ என்னவோ, நடுவில் நிறுத்தி, "அப்பா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த மெஷின் சத்தத்துல நீங்க பேசறதுல பாதி எனக்குக் கேக்கறதே இல்லீங்ப்பா" என்றாள். "எத்தன நாளா கண்ணு?" என்றேன். "ஆரம்பத்துல இருந்தேதானுங்ப்பா. நான் சும்மா ஆமா ஆமான்னு சொல்லிட்டு இருக்கேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஃபோனை வைத்த பிறகு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போகட்டும், எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் கவலை, எட்டு மாதத்துக்கு முன்னால், மாசியில் ஒரு ஞாயிறு, அன்றைக்கு நான் சொன்ன ஒன்று அவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா. அதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். திருப்புளி எங்கே போயிற்று, மடியிலேயேதான் இருக்கிறது.

நிறுத்திவிட்டுப் பேச வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். மில்லில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு ஓடுகிற மெஷினை நிறுத்தக் கை வராது, அதுவும் இந்த வயதான மெஷினை. இதை நிறுத்தினால் உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்குகள் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ. அதனால்தான் மூடியை மட்டும் திறந்து, ஓட்டத்திலேயே ஒவ்வொரு ஃபேனாக உருவி மாற்றினேன், அதற்கு இதில் வசதி உண்டு. சரி, அடுத்த அறைக்குப் போய்ப் பேசலாமே? அதையும் கேட்டுக்கொண்டாயிற்று. அடுத்து இருப்பது ஹால். ஹாலில் உட்கார்ந்தால் சமையலறை தெரியும். நான் ஹாலில் உட்காருவதில்லை, நாலு வருஷமாகிறது. இந்தச் சின்ன அறைதான் என் வீடு என்று வைத்துக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் இங்கே வருவதற்கு வழி. மகுடபதி, வயது ஐம்பத்தேழு, சிங்காநல்லூரில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் செக்‌ஷன், மில் மூடினதும் ஆபீஸ் சாமான்களோடு காயலான் கடைக்குப் போக இருந்த சர்வரை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன். பீரோ டிராயர் போலச் சப்பையாக, நீளமாக, தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு மில்லையே ஓட்டிய மெஷினில் இப்போது எங்கள் கல்யாண வீடியோவும் பவதாரணியின் பள்ளிக்கூடப் போட்டோக்களும் இரண்டு சின்னக் கம்பெனிகளின் பேக்கப்பும் இருக்கின்றன. என் மனைவி சாந்தாமணி இதை என் சின்ன வீடு என்பாள். விருந்தாளிகள் வந்து என்ன சத்தம் என்று கேட்டால், "அவரோட சின்ன ஊட்டுக்காரி, எந்நேரமும் மூச்சு வாங்கிட்டேதான் இருப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவாள். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். மறுபடி அலறுகிறது பார். காரணம் எனக்குத் தெரியும், பத்து நிமிஷமாகவே தெரியும், உள்ளே ஒரு சின்னக் காவல் சிப் இருக்கிறது, அதன் வேலையே ஆறு ஃபேனும் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான். பழைய ஃபேன்கள் வெறி பிடித்தவை. நான் போட்டிருக்கிற புதுசுகள் அமைதியானவை, மெதுவாகச் சுற்றும், அதனால்தான் சத்தம் கிடையாது. ஆனால் அந்தக் காவல்காரனுக்கு மெதுவாகச் சுற்றுவது என்றால் என்னவென்றே தெரியாது. இத்தனைக்குக் கீழே போனால் செத்துவிட்டது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒன்று மெதுவானதும், ஐயோ செத்துவிட்டது என்று பதறி, மற்றதையெல்லாம் முழு வேகத்தில் விரட்டுகிறான், எல்லாம் ஓடுகின்றன, சரி உயிர் இருக்கிறது என்று விடுகிறான், விட்டதும் மெதுவாகின்றன, மறுபடி ஐயோ. அடப் பைத்தியக்காரா, சாகவில்லை, அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வைகாசியில் ஒருநாள் பவதாரணி சாயங்காலம் ஃபோன் எடுக்கவில்லை என்று பதினொரு தடவை கூப்பிட்டேன், பிறகு அவளோடு அறையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டேன், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது, நான் போட்ட கத்தலில் அவள் பயந்துபோய், படுத்திருந்த பவதாரணியை எழுப்பிவிட்டாள். காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கியிருக்கிறாள். "பேசலைன்னாச் செத்துப் போயிட்டேன்னு அர்த்தமாங்ப்பா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்படி அர்த்தம் இருந்த ஒரு நாள் இந்த வீட்டில் உண்டு என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. காவல் சிப்பில் அந்தச் செத்தது என்கிற எண்ணிக்கையை மாற்றிவிட்டால் போதும், இதற்கெல்லாம் கட்டளை இருக்கிறது, ஃபேனுக்கு ஒன்றாக ஆறு வரி அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும். காலையில் வாங்கிய தோசை மாவு இருக்கிறது. அடுப்பு பற்ற வைக்க வேண்டுமே, வேண்டாம், வாழைப்பழம் போதும்.

பாதி கேட்பதில்லை என்றால் எந்தப் பாதி? இந்த ஒரு வாரமாக நான் செய்கிற வேலை இதுதான், பேசினதையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்ப்பது. ஆடியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், ரத்தம் நிற்கவில்லை என்று சொன்னபோது, "நல்லதுங்ப்பா" என்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை, தொந்தரவு பண்ணின பல் போனது நல்லது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீதி சௌடப்பன் இறந்துபோனதைச் சொன்னேன், அவர் இவளை ஸ்கூட்டரில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர், அதற்கு "ஓ, எப்பங்ப்பா?" என்று சரியாகக் கேட்டாள், ஆக அது கேட்டிருக்கிறது. இல்லை, எந்தச் செய்திக்கும் எப்போது என்று கேட்டால் பொருந்தத்தானே செய்யும்? கெட்டிக்காரி. சனிக்கிழமை ராத்திரி சாப்பிடவில்லை என்றால் "சரிங்ப்பா", சாப்பிட்டேன் என்றாலும் "சரிங்ப்பா". நான் ஒரு தடவை, இந்த ஊட்டுல பேச்சுக் கொடுக்க ஆளில்ல கண்ணு, டிவியில செய்தி வாசிக்கறவங்க வணக்கம் சொன்னாத் திருப்பிச் சொல்லிப்போடறேன் என்று சொன்னேன், சிரிப்பாகத்தான் சொன்னேன், அவள் சிரித்தாள். கேட்டுத்தான் சிரித்தாளா, நான் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாளா? வீடியோவில் என் முகம் தெரியும். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள் மூன்று வருஷமாக. அதற்கும் ஒரு பிரியம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாசி ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பேசினேன். என் வழுக்கைதான் தெரிந்திருக்கும். மூன்று நிமிஷம் பேசியிருப்பேன். முடித்து நிமிர்ந்தபோது அவள் எங்கோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரிங்ப்பா, விடுங்க" என்றாள். அவ்வளவுதான். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். மூன்றரை வருஷத்தில் முதல் தடவையாக விடியும் வரைக்கும் தூங்கினேன். அதிலிருந்து எட்டு மாதம் நல்ல தூக்கம், சாப்பாடு ஒழுங்காக இறங்கியது, ஒரு கிலோ எடைகூடக் கூடினேன். அந்தத் தூக்கம் முழுக்க ஒரு காதில் விழாத பேச்சுக்குக் கிடைத்த கூலியா?

திரையைத் திறந்து முதல் ஃபேனுக்கான வரியை அடிக்கிறேன். இதே நாற்காலி. அன்றைக்கும் இதே நாற்காலியில்தான் இருந்தேன், வியாழக்கிழமை, பதினொரு மணி சுமார், ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கப் போட்டிருந்தேன். நான் ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை, இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு சதவீதம். அப்போது சாந்தாமணி கூப்பிட்டாள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. நான் எழவில்லை. எனக்குக் கேட்டது. எல்லோரிடமும் கேட்கவில்லை என்றேன், ஆம்புலன்ஸ்காரரிடம், டாக்டரிடம், வந்து குவிந்த சொந்தக்காரர்களிடம், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன், எல்லோரும் இந்த அறையை எட்டிப் பார்த்து இரைச்சலைக் காதால் கேட்டு, பாவம், எப்படிக் கேட்கும் என்றார்கள். டாக்டர் என் தோளில் கை வைத்து, மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, உங்களுக்குக் கேட்டிருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாதுங்க என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு நான் சொன்ன நேரமே பொய், விழுந்த உடனே பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன், பொய்யான நேரத்தை வைத்துச் சொன்ன ஆறுதலை நான் என்ன செய்வது? பச்சைக் கோடு ஐம்பத்தாறுக்கு வந்தபோதுதான் எழுந்தேன். அதுவும் அவளுக்காக இல்லை, தீய்ந்த வாடை வந்தது, என்னடா இது, மத்தியானச் சாப்பாடு போச்சா என்று எழுந்தேன். நாற்பத்தொன்றுக்கும் ஐம்பத்தாறுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஊரையெல்லாம் நம்ப வைத்துவிட்டேன், மாமியாரை மட்டும் முடியவில்லை. அந்தம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏனென்றால் அவர்கள் வீட்டில் எல்லோரும் மில்லில் வேலை பார்த்தவர்கள். சாந்தாமணியும் கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் ஓடி ஓடி முடிச்சுப் போடுகிற வேலை பார்த்தவள். நூறு மெஷின் ஓடுகிற ஹாலில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பேசிப் பழகின தொண்டை. சத்தத்துக்கு மேலே கத்தக் கூடாதுங், சத்தத்துக்குள்ள ஒரு சந்து இருக்கும், அதுல கொரல உடோணும் என்று எனக்குச் சொல்லித் தர முயன்றிருக்கிறாள், எனக்கு வரவே இல்லை. ஒரு மில்லையே தாண்டின குரல் இந்த ஆறு விசிறியைத் தாண்டாதா? அவள் குரல் எனக்குக் கேட்காமல் போன நாள் என்று ஒன்று கிடையாது. பவதாரணியும் அந்தக் குரலில் வளர்ந்தவள்தானே, தெருமுனையில் விளையாடுகிறவளைச் சமையலறையிலிருந்தே கூப்பிட்டு வரவழைத்த குரல். அன்றைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து வந்து இறங்கியவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை கண்ணு என்றேன், அவள் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றரை வருஷம் கழித்து மாசியில் ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன், "அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு கண்ணு. ரெண்டு தடவ. கேட்டும் நான் எந்திரிச்சுப் போகல." இதற்குத்தான் அவள், சரிங்ப்பா, விடுங்க.

ஆறு வரி அடித்தாயிற்று, ஆறு ஃபேனும் முடிந்தது என்று நினைத்து விட்டிருக்கிறேன், அதனால்தான் இன்னும் அலறுகிறது. மணி மூன்று இருபது. இரண்டாவது ஃபேனுக்கே இரண்டு தடவை அடித்திருக்கிறேன், நாலாவதற்கு அடிக்கவே இல்லை, மில்லில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். நாலாவதற்கு அடிக்கிறேன். முந்நூறு சுற்றுக்குக் கீழே போனால் மட்டும் செத்தது என்று வைத்துக்கொள், அதற்கு மேலே எல்லாம் உயிர்தான், பதறாதே. இப்போது காவல் சிப்பை மட்டும் ஒரு தடவை நிறுத்திக் கிளப்ப வேண்டும், அதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் ஆறும் உச்சத்தில் கத்தின, மாடி வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள், தட்டட்டும், தொட்டியை வழியவிடுகிறவர்களுக்கு என்ன பேச்சு. பிறகு இறங்கியது. நாலு விநாடி. ஐந்து. ஆறு. பத்து. ஏறவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், காற்று வருகிறது, சுற்றுகின்றன, மூடியை மாட்டினேன், சூடு ஏறவில்லை, எல்லாம் ஒழுங்கு. வேலை முடிந்த சந்தோஷம் வரும் என்று பார்த்தால், வந்தது பயம். வீட்டில் இத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஹாலில் கடிகாரம். குளிர்சாதனப் பெட்டி ஒரு தடவை உலுக்கிக்கொண்டு நின்றது. வெளியே மழை பிடித்திருக்கிறது, எப்போது பிடித்தது, கொடியில் துணி கிடக்கிறது. சமையலறைக் குழாய் பாத்திரத்தில் சொட்டுகிறது, ஒரு சொட்டு, நான் அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கிறேன், இன்னொரு சொட்டு. சமையலறையில் சொட்டுகிற தண்ணீர் இந்த நாற்காலிக்குக் கேட்கிறது. இனிமேல் இந்த வீட்டில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. பழையபடி எண்ணை மாற்றி அடித்தால் ஒரு நொடியில் சத்தம் திரும்பிவிடும், கீபோர்டில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் நான் அடித்த வரி வந்து நிற்கும், அதில் எண்ணை மாற்றி ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவள் கூப்பிடுவாள், நான் பேசுவேன், அவள் சரிங்ப்பா என்பாள், பாதி கேட்கும், பாதி கேட்காது, இரண்டு பேருக்கும் வசதி. மாசியில் சொன்னது கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்ல வேண்டுமே. அந்த வார்த்தைகள் இரண்டாம் தடவை வருமா? கேட்டது என்றால் அதைவிட மோசம், கேட்டுத்தான் தீபாவளிக்கு வரவில்லை, கேட்டுத்தான் எட்டு மாதமாக லீவு இல்லை லீவு இல்லை என்கிறாள். விரல் அம்புக்குறி மேலேயே இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மணி நாலு ஆனது எனக்கு ஃபோன் அடித்த பிறகுதான் தெரிந்தது.

"அப்பா? என்னுங்ப்பா, ஒரு சத்தத்தையும் காணோம், கரண்ட் போயிருச்சுங்களா?" என்றாள்.

"இல்ல கண்ணு! ஃபேன் மாத்திட்டேன்! எல்லாம் மாத்திட்டேன்!"

"ஐயோ, ஏன் இப்பிடிக் கத்தறீங்க? நல்லாக் கேக்குது. மெதுவாவே பேசுங்க."

பழக்கதோஷம். நான் குரலைக் குறைத்தேன். குறைத்ததும் அது என் குரல் மாதிரியே இல்லை, கொஞ்சம் கிழட்டுக் குரலாக இருந்தது. சாப்பிட்டீங்களா என்றாள், பழம் என்றேன், பழம் ஒரு சாப்பாடுங்களா என்று திட்டினாள், திட்டு முழுக்கக் கேட்டது. அவள் பின்னால் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது. புனேயிலும் மழையாம். இப்படியே மழையைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம், ஒரு தப்பும் இல்லை, அப்பனும் மகளும் மழையைப் பற்றிப் பேசக் கூடாதா? துணியை எடுக்கோணும் கண்ணு, அப்பறமாக் கூப்பிடறேன் என்றுகூடச் சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நான் அம்மாவப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது உனக்குக் கேட்டுச்சா கண்ணு?"

லைன் அறுந்துவிட்டதா என்று ஃபோனைப் பார்த்தேன், அறுந்துவிடவில்லை, திரையில் அவள் முகம் இருந்தது, அசைந்தது. நானாக ஏதாவது சொல்லி நிரப்பிவிட வேண்டும் போலிருந்தது, ஹலோ ஹலோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"கேட்டுச்சுங்ப்பா" என்றாள்.

"அப்பறம் ஏஞ்சாமி கேக்கறதில்லன்ன?"

"பின்ன என்னத்தச் சொல்லட்டும்? கேட்டுச்சுன்னா நீங்க மறுக்கா அதப் பத்திப் பேசுவீங்க. எனக்கு உங்க கூட என்ன பேசறதுன்னே தெரியலீங்ப்பா. பாதி கேக்கறதில்லங்கறது நெசந்தான். அது மட்டும் கேட்டுச்சு."

"எம்மேல கோவமா?"

"கோவந்தான்." உடனே சொன்னாள். "லீவு இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு அந்த ஊட்டுக்குள்ள வரவே புடிக்கல. உங்களப் பாக்கப் புடிக்கல. வாராவாரம் கூப்பிடாமயும் இருக்க முடியல, நீங்க ஒத்தையில இருக்கீங்களேன்னு. நான் என்னதாங்ப்பா பண்றது?"

வலித்தது, ஆனால் இத்தனை நாள் அவள் எனக்குக் கொடுத்துவந்த சரிங்ப்பாவைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. இதுவாவது என்னிடம் சொன்னது. நான் ஆமா கண்ணு என்றேன். மழை பலத்தது. துணி போனால் போகட்டும்.

"அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?" என்றாள்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டவனிடம் என்னவென்று கேட்பார்கள்? மாசியிலும் நான் கூப்பிட்டாள் என்றுதான் சொன்னேன், என்ன சொல்லி என்று சொல்லவில்லை, எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. நாலு வருஷமாக அந்த வார்த்தைகளை வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

"ஏனுங், இந்த அடுப்பக் கொஞ்சம் வந்து அணைச்சு உடுங்கன்னா."

"அவ்வளவுதானுங்களா?"

"ரெண்டு தடவையும் அதேதான் கண்ணு."

"அம்மா எங்க நின்னுட்டு இருந்தாங்க?"

"அடுப்புக்கு முன்னாடிதான். கொழம்பு கொதிச்சுட்டு இருந்துச்சு." நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை. "கைக்கிட்ட இருக்கற அடுப்ப அணைக்கறதுக்கு நான் எந்திரிச்சு வரோணுமா, இவளுக்கு என்ன அத்தன சோம்பேறித்தனம்னு நெனச்சேன் கண்ணு. அதான் போகல."

பவதாரணி அதை யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, நான் யோசித்த அதே வழியில், அடுப்பு, அதற்கு முன்னால் அம்மா, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. எனக்கு அது புரிய, தரையில் கிடந்தவளைத் தூக்கும்வரை ஆயிற்று. வலது கை மட்டும் துவண்டு தொங்கிக்கொண்டு வந்தது.

"கை வரலையாட்ட இருக்குது" என்றாள் கடைசியில். "அம்மாவுக்குக் கையத் தூக்க வரலீங்ப்பா."

"ஆமா சாமி."

இரண்டு பேருமே ஃபோனை வைக்கவில்லை. அவள் அழுவது எனக்குக் கேட்டது. நான் அழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும்.